அயலவர் ஆதல்

தமிழில் 'பிறன்' என்பது மிகப் பழைய சொல். திருக்குறளில் பிறன் மனை, பிறன் பொருள் என்று அச்சொல் வருமிடங்களில் தன்னைச் சாராத மற்றொருவன் என்பதே பொருள். கிறிஸ்தவ வேதாகமத்தைத் தமிழில் தந்தவர்கள் இந்தச் சொல்லை எடுத்து மிக முக்கியமான ஓரிடத்தில் வைத்தார்கள். மனிதன் தன்மீது கொண்டுள்ள அன்பைப் பிறன்மீதும் கொள்ள வேண்டும் என்ற கட்டளை வருமிடம் அது. புரட்டஸ்தாந்து சபையினர் நெடுங்காலமாக வாசித்துவரும் மொழிபெயர்ப்பில் அச்சொல் 'பிறன்' என்றே நிற்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அதே இடத்தில் 'அடுத்திருப்பவர்' என்கிறது. இலங்கையில் நாம் பேச்சிலே சொல்வது 'அயலவர்' என்று.

பிறன் என்றால் எனக்கு வேறானவன். அயலவர் என்றால் என் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர். அடுத்திருப்பவர் என்றால் இன்னும் நெருங்கி, கை எட்டும் தூரத்தில் இருப்பவர். வேறானவனாக இருந்த ஒருவன் கை எட்டும் தூரத்துக்கு வருவது எப்படி? கிறிஸ்தவம் பேசும் இரக்கத்தின் உட்பொருள் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நான் சைவன். ஆயினும் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இந்தச் சொற்களைத் தொடர்ந்து செல்லும்போது, நம் மலையகத்தின் கதையே அவற்றினூடாகத் தெரிவதைக் காண்கிறேன். அதை நேயர்களோடும் வாசகர்களோடும் பகிர்ந்துகொள்வதே இவ்வுரையின் நோக்கம்.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில், நியாயசாஸ்திரி ஒருவன் இயேசுவிடம் தனக்குப் பிறன் யார் என்று கேட்கிறான். இயேசு அதற்கு இலக்கணம் வகுக்கவில்லை; ஒரு கதை சொன்னார். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழி சுமார் ஆயிரம் மீற்றர் பள்ளம் நோக்கிச் செல்லும் வறண்ட மலைப்பாதை. அந்த வழியில் ஒருவனைக் கள்வர் அடித்து, உடையையும் பறித்துக்கொண்டு, குற்றுயிராக விட்டுப் போனார்கள். ஆசாரியன் ஒருவன் வந்தான், பார்த்தான், விலகிப் போனான். ஆலயப் பணிசெய்யும் லேவியன் ஒருவனும் அப்படியே போனான். பிறகு வந்தவன் சமாரியன். யூதர்கள் தங்களோடு சேர்த்துக்கொள்ளாத கூட்டத்தைச் சேர்ந்தவன். அவன்தான் நின்றான். காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான்.

இக்கதையில் நாம் எளிதில் கவனியாமற் போகும் ஒன்று உண்டு. அடிபட்டவன் யார் என்று கதை சொல்லவில்லை. அவன் பேசவும் இல்லை. உடையும் பறிபோய்விட்டதால் அவன் எந்த ஊரான், எந்தக் குலத்தான், எந்தச் சமயத்தான் என்று பார்த்தறியவும் வழியில்லை. மனிதன் என்பது தவிர அவனிடம் வேறு அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை. நம் பெரியபுராணத்தில் இளையான்குடி மாறனார் மழையிரவில் வந்த அடியாருக்காக, விதைத்த நெல்லையே வயலில் வாரிவந்து அமுது சமைக்கிறார். அதற்கு ஒப்பான விருந்தோம்பல் அரிது. எனினும் அங்கே வந்தவர் சிவனடியார் வேடம் தாங்கி வந்தார். சமாரியனின் முன்னே கிடந்தவனிடம் வேடம் ஒன்றும் இல்லை. மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரனே அந்தச் சமாரியனுக்கு அருகில் நிற்பவன். உடற்குறை உடையவர்களையும் கவனிப்பார் இல்லாதவர்களையும் தேடி அழைத்து ஊட்டிவிட்டு, எஞ்சியதை உண்டவன் அவன். அவன் கையிலிருந்த அமுதசுரபி பிற்பாடு மணிபல்லவத்தில் மணிமேகலைக்குக் கிடைத்ததாகக் காப்பியம் கூறும். ஆகவே இரக்கம் ஒரு சமயத்தின் தனிச்சொத்து அன்று. ஒவ்வொரு சமயமும் அதன் ஒவ்வொரு முகத்தை நமக்குக் காட்டுகிறது.

சமாரியனின் உள்ளத்தில் நிகழ்ந்ததைக் குறிக்கும் மூலக் கிரேக்கச் சொல் 'உள்ளுறுப்புகள்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. அடிவயிறு கலங்கிற்று என்று நாம் சொல்வோமே, ஏறக்குறைய அதுதான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அதை 'மனதுருகி' என்று பெயர்த்தார்கள். உருகுதல் என்பது நமது பக்தி இலக்கியத்தின் உயிர்ச்சொல். மாணிக்கவாசகர் உருகியதெல்லாம் இறைவனை நோக்கி. அதே சொல்லைத் தெருவோரத்தில் கிடக்கும் பெயர் தெரியாத ஒருவனை நோக்கித் திருப்பிவிட்டது இந்தத் தமிழ். மொழிபெயர்ப்பு என்பது சொல்லுக்குச் சொல் தேடுவது மட்டுமன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மறுநாள் சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தான். ஒரு தெனாரியம் அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒருநாட் சம்பளம். நம் தோட்டத்து வழக்கில் சொல்வதானால் இரண்டு 'பேர்'. அரைப்பேர், முழுப்பேர் என்று கணக்கிட்டு வாழ்ந்த மக்களுக்கு அத்தொகையின் கனம் உடனே விளங்கும். அது பெருஞ்செல்வனின் தானம் அன்று. இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றும் அவன் சொல்லிப் போகிறான். உதவி பெற்றவனுக்கு அந்தப் பணத்தைவிட 'திரும்பி வருவேன்' என்ற சொல்லே பெரிதாக இருந்திருக்கும். பசித்தவனின் வயிறு ஒருவேளைச் சோற்றில் ஆறும். தனித்துக் கிடப்பவனின் மனமோ, நாளைக்கும் ஒருவர் வருவார் என்ற நம்பிக்கையில்தான் ஆறும்.

கதை முடிந்ததும் இயேசு கேள்வியைத் திருப்பிப்போட்டார். பிறன் யார் என்று கேட்டவனிடம், அடிபட்டவனுக்குப் பிறனாக நடந்துகொண்டவன் யார் என்று கேட்டார். அயலவர் எங்கோ ஏற்கெனவே இருப்பவர் அல்லர். நாம்தான் ஒருவருக்கு அயலவராக ஆகவேண்டும் என்பது இதன் பொருள்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நமது டிக்கோயாவைப் பார்ப்போம்.

ஹற்றனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட் செல்வோர், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வார்லி தேவாலயத்தைக் கண்டிருப்பார்கள். நீர்த்தேக்கம் 1965இல் வந்தது. கல்லாலான அந்தத் தேவாலயம் அதற்கு மிக முந்தியது. 1878இல் தோட்டத்துரைமார் கட்டியது. அதன் முற்றத்தில் தாய்நாட்டைவிட்டு வந்து இந்த மலைகளில் மாண்ட வெள்ளையரின் கல்லறைகள் உள்ளன. கல்லிலே பெயரும் ஆண்டும் இருக்கின்றன. உறவினர் யாரும் வந்து பூ வைக்க முடியாத தூரத்தில் கிடக்கும் அவர்களும் ஒருவகையில் தனித்தவர்களே. இரக்கம் கட்சி பார்ப்பதில்லையாதலால் அவர்களையும் நினைத்துக்கொள்வோம். ஆனால் அதே காலத்தில் அதே மலையில் காடு வெட்டியும் கோப்பி நட்டும் மாண்ட நம் முன்னோர்க்குப் பெயர் பொறித்த கற்கள் இல்லை.

அந்த 1878ஆம் ஆண்டை இன்னும் சற்று உற்று நோக்கலாம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டியது தாது வருடப் பஞ்சம். அந்தப் பஞ்சத்துக்குத் தப்பித் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து பெருந்தொகையானோர் கங்காணிமாரின் பின்னே இலங்கைக்கு வந்தார்கள். கடல் கடந்து மன்னார்க்கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களுள் மலையைக் காணாமலே மாண்டவர்களும் பலர்.

அதே பஞ்ச காலத்தில் மாயூரத்தில் முன்பு முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டிகள் அமைத்துப் பசித்தோர்க்கு ஊற்றினார். அவர் கத்தோலிக்கர். அவரது பணியைக் கண்டு நெஞ்சு நிறைந்து பாடியவரோ நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் என்னும் சைவர். அவர்மீது குளத்துக்கோவை பாடிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் சைவரே. வேதநாயகம் பிள்ளையின் 'சர்வசமய சமரசக் கீர்த்தனை' வெளிவந்ததும் 1878இல்தான். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அடுத்த ஆண்டில் வந்தது. கஞ்சித்தொட்டியும் கீர்த்தனையும் ஒரே மனிதரிடமிருந்து ஒரே காலத்தில் வந்தன என்பதை இலக்கிய மாணவர் மறக்கலாகாது. கஞ்சித்தொட்டியை எட்ட முடிந்தவர்கள் ஊரிலே பிழைத்தார்கள். எட்ட முடியாதவர்களுள் ஒரு சாரார்தாம் இம்மலைகளுக்கு வந்தவர்கள்.

1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேர்ன் பங்களாவில் ஓர் ஆங்கில மூதாட்டி காலமானார். அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கமரன். மனித முகங்களைப் படம்பிடிப்பதில் உலகப் புகழ் பெற்றவர். பொகவந்தலாவை சென்ற் மேரிஸ் தேவாலய முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1875இல் இலங்கைக்கு வந்தபின் அவர் எடுத்த படங்களில் ஏழைத் தொழிலாளரின் முகங்களும் உண்டு. அம்முகங்களை அவர் மதிப்போடு பார்த்திருக்கிறார் என்பது படங்களில் தெரிகிறது. ஆனால் இங்கிலாந்தில் அவர் படம்பிடித்த கவிஞர்க்கும் அறிஞர்க்கும் பெயர் இருப்பதுபோல இவர்களுக்கு இல்லை. பெரும்பாலான படங்களில் இருப்பவர் யார் என்ற குறிப்பே கிடையாது. உழைப்பைப் 'பேர்' என்று எண்ணிய தோட்டத்தில் உழைத்தவரின் பெயரை எழுதிவைக்க ஆள் இருக்கவில்லை.

சமயப் பணியாளர் என்ன செய்தார்கள் என்ற கேள்வி இங்கே எழும். சர்ச் மிஷனரி சங்கத்தார் 1854இல் தோட்டங்களுக்கென்று தமிழ்க் கூலி மிஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். காலையில் பிரட்டுக்களத்திலும் மாலையில் லயத்து வாசலிலும் மக்களைச் சந்தித்தார்கள். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மொழி அறிந்தவர், நடந்து வந்தவர், அடுத்த மாதமும் வந்தவர் என்ற அளவில் அவர்கள் சமாரியனின் வழியில் நடந்தவர்களே. பின்னாளில் அமைப்பின் பெயரிலிருந்த 'கூலி' என்ற சொல்லும் கைவிடப்பட்டது.

மறுபுறத்தையும் சொல்லியாகவேண்டும். மிஷனின் செலவில் துரைமாரின் பங்கும் இருந்தது. துரைமாரின் பணத்தில் நடக்கும் பணி துரைமாரின் கணக்கேட்டைக் கேள்வி கேட்பது எளிதன்று. தொழிலாளியைக் கடனிலே கட்டிப்போட்ட துண்டு முறை 1921வரை நீடித்தது. எரிகோ வழியில் அடிபட்டவனுக்குக் காயம் கட்டுவது ஓர் இரக்கம். அந்த வழியில் கள்வர் ஏன் நாள்தோறும் நிற்கிறார்கள் என்று கேட்பது அடுத்த இரக்கம். முன்னதைச் செய்பவரைப் பாராட்டுவோர் பலர். பின்னதைச் செய்பவர் பெரும்பாலும் தனித்துவிடப்படுவார்.

அந்த இரண்டாவது வழியில் நடந்தவராக அருட்தந்தை போல் கஸ்பர்ஸைக் குறிப்பிடலாம். 1925இல் பிறந்த இயேசுசபைத் துறவி இவர், பிறப்பால் தமிழர் அல்லர், 2017இல் காலமானார். 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தை நிறுவினார். வெவ்வேறு இனத்தவரும் சமயத்தவரும் சேர்ந்து வாழ்ந்து பணிசெய்ய முடியும் என்பதைச் செய்துகாட்டுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. உணவுப் பஞ்சம் தோட்டங்களைக் கவ்வி, பட்டினிச் சாவுகளும் நேர்ந்த காலம் 1973, 1974. அந்த 1974இல் தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் உருவாவதிலும் அவர் முன்னின்றார். தோட்ட மக்களின் சம்பளம், குடியிருப்பு, குடியுரிமை ஆகியவற்றைத் தருமமாக அன்றி நியாயமாகப் பேசியவர் அவர்.

குடியுரிமை என்ற சொல்லை மலையகத்தவர் சாதாரணமாகக் கேட்க முடியாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரை எண்ணிப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் ஒரு பட்டியலிலும் தங்கை மற்றொரு பட்டியலிலும் வந்த குடும்பங்கள் உண்டு. போகிறவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை நம்மவர்கள் 'அழுகைக் கோச்சி' என்றே அழைத்தார்கள். எஞ்சி நின்ற நாடற்றவர்க்கு முழுத் தீர்வு 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் வந்தது.

இங்கேதான் மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. இறுதித் தீர்ப்பு நாளில் அரசர் ஆறுவகை மனிதரைச் சுட்டி, அவர்களுக்குச் செய்தது தமக்கே செய்தது என்கிறார். பசித்தவன், தாகமுற்றவன், அந்நியன், ஆடையற்றவன், நோயாளி, சிறையிலிருப்பவன் என்பவர்கள் அவர்கள். இவர்களுள் மூன்றாமவனுக்கு இட்ட பெயர் 'அந்நியன்'. சட்டம் எந்தச் சொல்லால் நம் மக்களைத் தள்ளிவைத்ததோ, அதே சொல்லால் அழைக்கப்படுபவனுக்குள்ளே இறைவன் நிற்பதாக அந்நூல் கூறுகிறது. கிறிஸ்தவப் பரிவின் தனித்தன்மை இதுவெனலாம். தருபவனின் பக்கத்தில் நின்று இறைவன் ஆசி கூறவில்லை. பெறுபவனின் இடத்திலே இருந்து கை நீட்டுகிறான். அப்படியானால் கொடுப்பவனுக்கு மார்தட்ட இடமில்லை. நலிந்தவர்க்குச் சோற்றுப்பொதி கொடுத்து, பதாகையின் முன்னே நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வோர் இதைச் சற்றே சிந்திக்கவேண்டும்.

அந்த ஆறு பேரைப் பற்றி மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பசித்தவனுக்கு உணவு, தாகமுற்றவனுக்குத் தண்ணீர், ஆடையற்றவனுக்கு உடை, அந்நியனுக்கு இடம் என்று கேட்கும் நூல், நோயாளியைக் குணமாக்கும்படி கேட்கவில்லை. சிறையிலிருப்பவனை விடுவிக்கும்படியும் கேட்கவில்லை. போய்ப் பார்க்கும்படி மட்டுமே கேட்கிறது. பழைய தமிழில் அது 'விசாரித்தல்'. இன்று விசாரணை என்றால் பொலிஸ் நிலையம் நினைவுக்கு வருகிறது. ஆனால் சுகம் விசாரித்தல் என்ற வழக்கு இன்னும் நம்மிடம் உயிரோடு இருக்கிறது. மருந்தும் பணமும் இல்லாதவனும் செய்யக்கூடிய தருமம் அது.

டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட கிளங்கன் வைத்தியசாலை 2017 மே மாதம் திறந்துவைக்கப்பட்டது. பெரும் வரப்பிரசாதம்தான். எந்த வைத்தியசாலையிலும் நோயாளரைப் பார்க்கவரும் நேரத்தில் வாட்டுக்குள் நின்று பாருங்கள். ஒரு கட்டிலைச் சுற்றி ஆறுபேர் நிற்பார்கள். அடுத்த கட்டிலில் இருக்கும் கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். அவருக்கு வைத்தியர் மருந்து தருகிறார். தாதி ஊசி போடுகிறார். யாரும் வரவில்லை என்ற நோய்க்கு மருந்து அங்கே இல்லை. அதைக் கொண்டுபோக வேண்டியவர்கள் வெளியிலிருக்கும் நாம்தான்.

லயங்களிலும் இதே நிலைதான். பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். தாய்மார் சிலர் மத்தியகிழக்குக்குப் போய்விட்டார்கள். தோட்டத் தொழிலாளிக்கு மாதாந்த ஓய்வூதியம் கிடையாது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரும் சேமலாப நிதி மொத்தமாகக் கைக்கு வந்து, ஒரு கலியாணத்திலோ ஒரு கடனிலோ கரைந்துபோகும். பிறகு அந்தக் காம்பராவில் எஞ்சுவது ஒரு பாட்டியும் ஓர் அடுப்பும். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த அந்த விரல்கள் ஒரு விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்திடத் தடுமாறும். அதை வாசித்துச் சொல்லவும், கிராம உத்தியோகத்தரிடம் கூட்டிக்கொண்டு போகவும், வரிசையில் கூட நிற்கவும் ஓர் ஆள் வேண்டும். "யாரு, நம்ம வீட்டுப் புள்ளையா?" என்று கண்ணைச் சுருக்கிக் கேட்கும்போது, "ஆமா பாட்டி" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

இதற்குக் கிறிஸ்தவனாக இருக்கவேண்டியதில்லை. வேதநாயகம் பிள்ளையின் கஞ்சியைக் குடித்தவர்கள் அவர் சமயத்தைக் கேட்கவில்லை. அவரைப் பாடிய பாரதியாரும் கேட்கவில்லை. கோயிற் பரிபாலன சபைகளும் தேவாலயச் சபைகளும் பள்ளி மாணவர் மன்றங்களும் எளிதாகத் தொடங்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. தத்தம் தோட்டத்தில் தனியே வாழும் முதியோர் எத்தனை பேர், அவர்தம் பெயர் என்ன, எந்த லயத்தில் எந்தக் காம்பரா என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவர் இருவராகப் போய்வாருங்கள். கையில் ஏதும் இல்லாவிட்டாலும் போகலாம். போனவர் அரைமணி நேரம் உட்கார்ந்து, அவர் வந்த கதையையும் இழந்தவர்களின் பெயர்களையும் சொல்லக் கேட்கவேண்டும். எழும்பி வரும்போது அடுத்த மாதம் எந்த நாளில் வருவோம் என்று சொல்லிவிட்டு வரவேண்டும். சொன்ன நாளில் போகவும் வேண்டும்.